ஆளுக்கொரு கணக்கு: கணினியறிஞர் கிறிஸ்டன் நைகார்டின் வாழ்வும் பணியும்

கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு ஒரு நியதியை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முன்னால் நிற்பவரின் கொழுந்து அவருடைய நிறை; பின்னால் நிற்பவரின் கொழுந்து அவருடைய நிறை; தான் பறித்தது மட்டுமே தன்னுடையது. செக்ரோலில் ஒரு வரி மாறி விழுந்துவிட்டால் அன்றைய முழுப்பெயர் அரைப்பெயராகிவிடும். ஆகவேதான் நிறுக்கும்போது தராசையும், எழுதும்போது கணக்கப்பிள்ளையின் கையையும் அவர்கள் கண்கொட்டாமல் பார்த்து நிற்பர்.

ஆளுக்கொரு கணக்கு என்னும் இதே நியதியைக் கணினி மொழியின் இலக்கணமாக ஆக்கிய பெருமை நோர்வே நாட்டவர் இருவரைச் சாரும். ஒருவர் கிறிஸ்டன் நைகார்ட். மற்றவர் ஒலே யொஹான் டால். இருவரும் 2002ஆம் ஆண்டில் ஆறு வார இடைவெளியில் காலமானார்கள். அவ்வாண்டு பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதைத் தொடர்ந்து நோர்வேயின் பெயர் நமது நாளிதழ்களில் அடிபட்டுக்கொண்டே இருந்தது. பத்திரிகைத் தொழிலில் இருந்தும் இவ்விருவரின் மறைவு அந்நாளில் என் கவனத்தை எட்டவில்லை. அவர்களைப் பற்றி அறியும் ஆவலை என்னுள் தூண்டியது ஒஸ்லோ அல்ல, ராகலை.

ராகலையில் ஒரு மாலை

அண்மையில் ராகலை நகருக்குச் சென்றிருந்தபோது மாலைநேரக் கணினி வகுப்பொன்றில் சிறிது நேரம் அமர்ந்திருக்கும் வாய்ப்புக் கிட்டியது. சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகள் பத்துப் பன்னிருவர் அங்கு ஜாவா என்னும் கணினி மொழியின் அரிச்சுவடியைப் படித்துக்கொண்டிருந்தனர். தேயிலை நாட்டுப் பிள்ளைகள் கோப்பியின் பெயர்கொண்ட மொழியைப் படிக்கிறார்களே என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு மாணவி தனக்குத் தெரிந்த உலகத்தையே செய்நிரலாக எழுதியிருந்தார். ‘தொழிலாளி’ என்றொரு வகுப்பு; அதற்குள் பெயர், நிறை என இரு மாறிகள். அந்த அச்சிலிருந்து மூன்று தொழிலாளர்களை உருவாக்கி, முதலாமவருக்கு 14 கிலோ, அடுத்தவருக்கு 18, மூன்றாமவருக்கு 22 எனக் கொடுத்திருந்தார். திரையில் வந்த விடையோ 22, 22, 22. பெயர்கள் மூன்றும் சரி; நிறை மட்டும் கடைசி ஆளுடையதே மூவருக்கும் விழுந்திருந்தது.

கூட்டல் பிழையாக இருக்குமோ எனத் தேடி அந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலத்தைச் செலவிட்டிருந்தார். ஆசிரியர் விடையைச் சொல்லிவிடவில்லை. ஒவ்வொரு தொழிலாளியும் உருவானவுடன் முதலாமவரின் நிறையைத் திரையில் காட்டும்படி ஒரு வரியை இடையிடையே சேர்க்கச் சொன்னார். முதலாமவர் மட்டும் இருந்தபோது 14 எனக் காட்டிய செய்நிரல், இரண்டாமவர் உருவானவுடன் அதே முதலாமவருக்கு 18 எனக் காட்டியது. பிழை கணக்கில் அல்ல, கணக்கு வைக்கப்பட்ட இடத்தில் என்பது அப்போது வெளிப்பட்டது. நிறை என்ற மாறிக்கு முன்னால் ‘ஸ்டெட்டிக்’ என்றொரு சொல் இருந்தது. எங்கோ பார்த்து எழுதிய அச்சொல், நிறையை ஆளுக்கொன்றாக வைக்காமல் வகுப்பு முழுவதற்கும் ஒன்றாக ஆக்கியிருந்தது. எல்லாருடைய நிறையையும் ஒரே கட்டத்தில் அழித்து அழித்து எழுதினால் கடைசியில் எழுதியதுதானே மிஞ்சும்? அந்தச் சொல்லை நீக்கியவுடன் 14, 18, 22 என விடை வந்தது.

அடுத்த மேசையில் வேறு விதமான வழு. அங்கே எல்லாப் பெயரும் வெறுமை, எல்லா நிறையும் பூச்சியம். பொருளை உருவாக்கும்போது உள்ளே அனுப்பப்படும் பெறுமானத்துக்கும், பொருளுக்குரிய மாறிக்கும் அந்த மாணவர் ஒரே பெயரை இட்டிருந்தார். உள்ளே வந்த பெறுமானம் தனக்குத்தானே எழுதப்பட்டுவிட்டு அத்துடன் அழிந்துபோனது. பொருளின் கணக்கில் எதுவும் ஏறவில்லை. நிறையைக் கையிலிருந்த துண்டில் குறித்துக்கொண்ட கணக்கப்பிள்ளை, செக்ரோலில் பதியாமலே துண்டைக் கிழித்துப் போட்டதற்கு ஒப்பானது இது. இந்தப் பொருளினுடைய மாறி எனச் சுட்டும் ‘திஸ்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்ததும் பிழை தீர்ந்தது.

கலைப்பீடத்தில் படித்து வெளியேறிய எனக்கு இந்த நுட்பங்களில் பயிற்சி இல்லை. ஆயினும் ஒவ்வொரு பொருளுக்கும் தன் கணக்கு உண்டு என்னும் எண்ணம் முதன்முதலில் யாருக்கு உதித்தது என்று கேட்டேன். வகுப்பில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தேடிப் பார்த்தபோது அறியக்கிடைத்த வாழ்க்கை, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாக இருந்தது.

அணு உலைக் கணக்கிலிருந்து

கிறிஸ்டன் நைகார்ட் 1926ஆம் ஆண்டு ஓகஸ்ட் 27ஆம் திகதி ஒஸ்லோவில் பிறந்தார். 1948இல் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியிற் சேர்ந்தார். அந்நாட்டின் முதலாவது அணு உலைக்கு வேண்டிய கணிப்புகள் அவருடைய தொடக்கப் பணிகளுள் ஒன்று. வழக்கமான கணித முறைகள் கைகொடுக்காத இடத்தில், தற்செயலாகத் தெரிந்தெடுத்த எண்களைக்கொண்டு நிகழ்வை மீண்டும் மீண்டும் நடத்திப் பார்க்கும் மொன்டே கார்லோ முறையை அவர் கையாண்டார். அதற்கு உதவக் கணினி இருக்கவில்லை. பெரும்பகுதி வேலை மனிதக் கைகளாலேயே நடந்தது. இம்முறையின் கோட்பாட்டு அடிப்படை பற்றியே 1956இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் தமது கணித முதுமாணி ஆய்வையும் அவர் சமர்ப்பித்தார்.

அதே நிறுவனத்துக்கு 1952இல் வந்து சேர்ந்தவர் ஒலே யொஹான் டால். நைகார்டைவிட ஐந்து வயது இளையவர். இருவரும் இரு துருவங்கள். நைகார்ட் உரத்த குரலும் ஓயாத விவாதமுமாக வாழ்ந்தவர். டால் அமைதியானவர், பியானோ வாசிப்பில் நாட்டமுள்ளவர், எதையும் செதுக்கிச் செதுக்கிச் செம்மையாக்குபவர். 

1960இல் நைகார்ட் நோர்வே கணினி நிலையத்துக்கு மாறினார். பின்னர் டாலும் அங்கு வந்தார். நைகார்டின் துறை செயற்பாட்டு ஆய்வு. ஒரு தொழிற்சாலையில் பண்டங்கள் எங்கே தேங்குகின்றன, கருமபீடத்தின் முன்னால் வரிசை ஏன் நீள்கிறது, இன்னுமோர் ஊழியரை அமர்த்தினால் நிலைமை எவ்வாறு மாறும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை தேடும் துறை அது. இவற்றைக் கணினிக்குள் நடித்துக் காட்ட வேண்டுமாயின், அந்த நடிப்பை விவரிக்க ஒரு மொழி வேண்டும். 1962 ஜனவரியில் பிரெஞ்சு அறிஞர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில் அந்த மொழிக்கான முயற்சி முதன்முதலாகப் பதிவாகியுள்ளது. அதுவே பின்னர் ‘சிமுலா’ எனப் பெயர் பெற்றது.

முயற்சிக்கு வரவேற்பு இருக்கவில்லை. இத்தகைய மொழியால் பயனில்லை என்றனர் சிலர். பயனுண்டு, ஆனால் முன்னரே செய்யப்பட்டுவிட்டது என்றனர் வேறு சிலர். இது பெரிய நாடுகள் செய்ய வேண்டிய வேலை, நோர்வே போன்ற சிறிய நாட்டுக்கு ஏன் இந்த ஆசை என்ற எதிர்ப்பும் எழுந்தது. நைகார்ட் சளைக்கவில்லை. அமெரிக்க யுனிவக் நிறுவனத்துடன் பேசி, தாங்கள் உருவாக்கும் மொழியை அந்நிறுவனத்துக்கு வழங்குவதையும் உள்ளடக்கிய ஏற்பாட்டின் மூலம், பெரிய கணினியொன்றை ஏறத்தாழ அரைவிலைக்குத் தமது நிலையத்துக்குக் கொண்டுவந்தார். 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிமுலாவின் முதல் வடிவம் இயங்கத் தொடங்கியது.

வரிசையில் நிற்பவருக்கும் உயிருண்டு

அந்த மொழி உருவான விதத்தில் ஒரு திருப்பம் கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் அவர்கள் வரைந்த சித்திரத்தில் இயங்குபவை சேவை வழங்கும் நிலையங்கள் மாத்திரமே. வாடிக்கையாளர்கள் ஒரு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளப்படும் உயிரற்ற பொட்டலங்களாகவே கருதப்பட்டனர். 1964இன் தொடக்கத்தில் இச்சித்திரம் மாறியது. நிலையமும் வாடிக்கையாளரும் அடிப்படையில் ஒரே வகையினர், இருசாராருக்கும் தத்தம் தரவுகளும் தத்தம் செயல்களும் உண்டு எனக் கொள்ளப்பட்டது. வரிசையில் நிற்பவரும் தமது பெயர், தமது தேவை, தாம் காத்திருந்த நேரம் ஆகியவற்றைத் தம்முடனேயே வைத்திருக்கும் ஓர் ஆளாக ஆனார். இன்று ஜாவா படிக்கும் பிள்ளை பொருளுக்குரிய மாறி என்று படிப்பதன் ஊற்று இங்கேதான் இருக்கிறது.

அடுத்த பாய்ச்சல் 1966இன் இறுதியிலும் 1967இன் தொடக்கத்திலும் நிகழ்ந்தது. பாலமொன்றில் சுங்கம் செலுத்தக் காத்திருக்கும் வாகனங்கள் அவர்கள் ஆராய்ந்த உதாரணங்களுள் ஒன்று. லொறியும் பஸ்ஸும் வெவ்வேறானவை. ஆயினும் இரண்டும் வாகனங்கள். பொதுவானதை ஒருமுறை எழுதிவிட்டு, லொறிக்கும் பஸ்ஸுக்கும் சிறப்பானவற்றை மட்டும் தனித்தனியே சேர்த்தால் என்ன? வகுப்பு, அதன் கீழ் துணை வகுப்பு என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது.

அந்த நாட்களில் கணினி நிலையத்துக்குப் புதிதாக வந்த ஊழியர் ஒருவர், மாடிக் கரும்பலகைக்கு முன்னால் இருவர் கடுஞ்சண்டை பிடிக்கிறார்கள் எனத் தொலைபேசி இணைப்பாளரிடம் பதறிச் சொன்னாராம். அவர் வெளியே வந்து சில விநாடிகள் காதுகொடுத்துவிட்டு, அது டாலும் நைகார்டும் சிமுலாவைப் பற்றிப் பேசிக்கொள்வதுதான் எனக் கூறி ஆறுதல்படுத்தினாராம். அந்தச் சண்டையின் விளைவாகிய ‘சிமுலா 67’, 1967 மே மாதம் ஒஸ்லோவில் நடைபெற்ற சர்வதேச மாநாட்டில் முன்வைக்கப்பட்டது.

சிமுலாவை உலகில் மிகச் சிலரே பயன்படுத்தினர். ஆனால் அதன் விதை தூரதேசங்களில் முளைத்தது. அமெரிக்காவில் அலன் கேயின் குழுவினர் உருவாக்கிய ஸ்மோல்டோக், டென்மார்க்கைச் சேர்ந்த பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் உருவாக்கிய சி பிளஸ் பிளஸ் ஆகிய இரண்டுமே சிமுலாவுக்குக் கடன்பட்டவை. அந்த வழியிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கொஸ்லிங் குழுவினரின் ஜாவா 1995இல் வெளிவந்தது.

தொழிற்சங்க வாசலில்

இத்துடன் நின்றிருந்தால் நைகார்ட் கணினி வரலாற்றின் ஓர் அத்தியாயமாக மட்டும் இருந்திருப்பார். அவரை வேறுபடுத்துவது அதன்பின் அவர் எடுத்த முடிவாகும்.

சிமுலா தொழிற்சாலைகளின் வேலையைத் திட்டமிடப் பயன்படும் என்பதை அவர் அறிவார். அதற்காகவே அதனை உருவாக்கினார். அவ்வாறாயின் தாம் செய்த கருவி, தாம் ஒருபோதும் சந்திக்காத தொழிலாளரின் வேலை நேரத்தையும் வேகத்தையும் வேலைவாய்ப்பையும் தீர்மானிக்கப்போகிறது. முகாமைத்துவத்துக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தொழிலாளிக்கு யார் இருக்கிறார்? 1960களின் இறுதியில் இந்தக் கேள்வி அவரை வாட்டியது.

1970களின் தொடக்கத்தில் நோர்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் அவர் கைகோத்தார். கணினித் திட்டங்கள் தொழிலாளரை எவ்வாறு பாதிக்கும் என ஆராய்ந்து அறிக்கை தருவதே முதலில் அவர்கள் எண்ணியிருந்த பணி. சிறிது காலத்தில் அந்த அணுகுமுறையை அவர்களே கைவிட்டனர். நிபுணர் எழுதிய அறிக்கை அலுமாரியில் உறங்கும். தொழிலாளி இருந்த இடத்திலேயே இருப்பார். ஆகவே ஆய்வின் பெறுபேறு என்பதற்கே புதிய பொருள் கொடுக்கப்பட்டது. இத்திட்டத்தின் உதவியுடன் சங்கத்தின் கிளைகள் தாமாக எடுக்கும் நடவடிக்கையே பெறுபேறு, காகிதம் அல்ல. தொழிற்சாலைகளில் தொழிலாளர் குழுக்கள் கூடித் தமது வேலையிடத்தையும் அங்கு வரவிருந்த கணினித் திட்டத்தையும் தாமே ஆராய்ந்தனர். அவர்களுக்காகக் கணினி, திட்டமிடல் பற்றிய அடிப்படைப் பாடநூலும் எழுதப்பட்டது.

இதன் பயனாகப் புதிய கணினி முறைமைகள் பற்றி முன்கூட்டியே அறியவும் கருத்துக் கூறவும் தொழிலாளருக்குள்ள உரிமை முதலில் தொழிற்சாலை மட்டத்திலும், பின்னர் 1975இல் தேசிய மட்டத்தில் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கும் தொழில்தருநர் சம்மேளனத்துக்கும் இடையிலான உடன்பாட்டிலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இவ்விடயத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற்ற தொழிலாளர் பிரதிநிதிகள் வேலையிடங்களில் தெரிவாகினர். 1977ஆம் ஆண்டின் நோர்வே வேலைச்சூழல் சட்டமும் இத்திசையிலேயே சென்றது.

உடன்பாட்டால் எல்லாம் மாறிவிட்டதெனக் கூற முடியாது. பிரதிநிதிகளிற் சிலர் காலப்போக்கில் நிர்வாகத்தின் கண்ணாலேயே கணினியைப் பார்க்கத் தொடங்கினர் என்ற விமர்சனம் பின்னாளில் எழுந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும் கருவியைப் பயன்படுத்தப்போகிறவர் அதன் வடிவமைப்பிலும் பங்குகொள்ள வேண்டும் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் கொள்கை அந்த உலோகத் தொழிலாளரின் கூட்டங்களில் வேர்விட்டது என்பதை எவரும் மறுப்பதில்லை.

இதனை எழுதும்போது எனது சொந்த அனுபவமொன்று நெஞ்சில் உறுத்துகிறது. 1990களின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது ஈய எழுத்துக் கோக்கும் அச்சுக்கோப்பாளர்கள் சிலர் இன்னும் எஞ்சியிருந்தனர். தலைகீழான எழுத்தை நம்மைவிட வேகமாக வாசித்துப் பிழை காட்டுவார்கள். கணினி வந்தது; ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் இல்லை. அவர்களை எவரும் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதே மாற்றம் வந்தபோது, சுவீடனில் அச்சுத் தொழிலாளரும் கணினி ஆய்வாளரும் ஒன்றாக அமர்ந்து புதிய கருவியை வடிவமைக்க முயன்றனர் என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன். அது 1981இல் தொடங்கிய திட்டம். நைகார்ட் தொடக்கிவைத்த மரபில் வந்தது.

நைகார்டின் பொதுவாழ்வும் இதே தன்மையது. இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தில் உழைத்தார். சமூகம் ஒதுக்கிவிட்ட மதுநோயாளருக்கு மனிதத்தன்மையுள்ள வாழ்விடம் அமைக்கும் முயற்சியிற் பங்குகொண்டார். 1990 முதல் 1995 வரை, நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதை எதிர்த்த மக்கள் இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1994 நவம்பர் 28ஆம் திகதி நடைபெற்ற வாக்கெடுப்பில் 52.2 சதவீதத்தினர் சேர வேண்டாமென வாக்களித்தனர். அந்தத் தீர்ப்புச் சரியா என்பது வேறு விவாதம். தொலைவிலுள்ளோர் தம்மைப் பற்றி எடுக்கும் முடிவில் தமக்கும் குரல் வேண்டும் என்ற அவருடைய நிலைப்பாடு மட்டும் மாறவில்லை.

1977 முதல் 1996 வரை அவர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். கணினி அறிவியலின் அதியுயர் விருதான டியூரிங் விருது 2001ஆம் ஆண்டுக்காக அவருக்கும் டாலுக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. அச்செய்தி வெளிவந்த சில மாதங்களில், 2002 ஜூன் 29ஆம் திகதி டால் காலமானார். நண்பரைத் தொடர்ந்து ஓகஸ்ட் 10ஆம் திகதி மாரடைப்பால் நைகார்டும் மறைந்தார். அவருடைய 76ஆவது பிறந்தநாளுக்கு அப்போது 17 நாட்களே இருந்தன.

நமக்கு உரியது என்ன?

ராகலைக்கு இயந்திரம் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஒடுங்கிய ரயில்பாதை போடப்பட்டது. தேயிலையையும் தோட்டங்களுக்கு வேண்டியவற்றையும் சுமந்த அந்த ரயில் 1940களில் நின்றுபோனது. அது வந்தபோதும் தொழிலாளியைக் கேட்டு வரவில்லை. போனபோதும் கேட்டுப் போகவில்லை.

இன்று வருவது வேறோர் இயந்திரம். சில தோட்டங்களில் இலத்திரனியல் தராசு மடுவத்துக்கு வந்துவிட்டது. தொழிலாளியின் இலக்கமும் நிறையும் நேரே கணினிக்குச் செல்கின்றன. கையெழுத்துக் கணக்கின் தவறுகளை இது நீக்கக்கூடும், வரவேற்க வேண்டியதே. ஆனால் செக்ரோலில் எழுதும் கையைத் தொழிலாளியால் பார்க்க முடிந்தது. செய்நிரலுக்குள் எழுதும் கையை யார் பார்ப்பது? ஈரத்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிக்க வேண்டுமென்று உள்ளே ஒரு வரி இருக்குமானால், அதனை எழுதியவர் யார், எழுதச் சொன்னவர் யார், மாற்றச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? ஆளுக்கொன்றாக இருக்க வேண்டிய மாறி எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டால் அதைக் கண்டுபிடிப்பவர் யார்?

நமது தொழிற்சங்கங்கள் பல தசாப்தங்களாகச் சம்பளத்துக்காகப் போராடி வந்துள்ளன. அது தவிர்க்க முடியாதது. ஆயினும் சம்பளத்தைக் கணக்கிடும் கருவி பற்றிய அறிவும் தகவலும் தொழிலாளரின் உரிமை என்ற கோரிக்கை அவற்றின் மேசைக்கு வர வேண்டிய காலம் இது. நோர்வேயின் உலோகத் தொழிலாளர் அதனை அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுப் பெற்றனர். அதைக் கேட்க அவர்களுக்குத் துணைநின்றவர், அந்தக் கருவியை ஆக்கியவரே.

தோட்டப் பிள்ளைகள் கணினி படிப்பது கொழும்பில் ஓர் உத்தியோகத்துக்காக மட்டுமே என்று நாம் எண்ணிவிடலாகாது. உத்தியோகம் வேண்டும், மறுப்பதற்கில்லை. அதற்கு மேலும் ஒரு தேவை இருக்கிறது. 22, 22, 22 என்று திரை காட்டியபோது, கணினி சொல்லிவிட்டது, சரியாகத்தான் இருக்கும் என்று அந்த ராகலை மாணவி ஒதுங்கிப் போகவில்லை. மூன்று பேர் ஒரே நிறையைப் பறித்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய தாயார் கொழுந்து பறிப்பவர். அந்தச் சந்தேகத்திலிருந்துதான் அவர் பிழையைத் தேடத் தொடங்கினார். மடுவத்துக் கணினி தரும் விடையையும் அதே போலச் சந்தேகித்து, உள்ளே திறந்து பார்த்து, பிழை எந்த வரியில் என்று சுட்டிக்காட்டக்கூடிய சிலரேனும் ஒவ்வொரு தோட்டத்திலும் உருவாக வேண்டும். நைகார்ட் தமது வாழ்நாளில் தொழிலாளருக்காக விரும்பியதும் இதைத்தான்.